சக்கரத்துக்கு மேலே நான்கு விரல்

என் அக்கா புருஷனை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அந்த ரசமட்டக் கட்டையை வேலைக்கும் கொண்டுபோவார், வீட்டுக்குள்ளும் கையில் வைத்துக்கொண்டு திரிவார். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக அவர் வந்த அன்று நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் எங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் ஒரு டைல் தூக்கிக்கொண்டிருக்கிறது, யாராவது தடுக்கி விழப்போகிறார்கள் என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது, பெரியவர்கள் பேசியதெல்லாம் சும்மா பேச்சு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா, அத்தானோடுதான் இருக்கிறேன், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி உயிர் பிழைக்கிறவள். அதனால் எந்தக் காரில் ஏறினாலும், பேருந்தில் ஏறினாலும்கூட, என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடும். காரை எப்படி ஓட்டுவது என்று கேளுங்கள், சொல்வேன். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ரோடு இருக்கிறது என்பேன். இந்தக் கதையால்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதுவும் வேண்டாவெறுப்பாக.

அத்தானிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. சாம்பல் நிறம், நான்கு கதவு, பின்னால் டிக்கி. காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய், டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பார். நான்கு விரல் தாராளமாகப் போகும். அது அவருக்கு ஆகவே ஆகாது. "நாலு விரல் போகுது. இது காரா, கட்டிலா?" என்று எங்களிடம் கேட்பார். நாங்கள் என்ன பதில் சொல்ல முடியும். கார் என்றுதான் சொன்னோம்.

அவருடைய இளவட்ட வயதில் ஒரு பணக்கார வீட்டில் கார் நிறுத்தும் இடத்துக்குத் தரை போட்டாராம். தரை நன்றாக இறுகியபின் வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாராம். தாழ்வான கார். டயரின் தலை மட்கார்டுக்குள் லேசாக மறைந்து, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்ததாம். அத்தான் அப்போது ஓரத்தில் முட்டிபோட்டு இடுக்குகளில் பூச்சு அடைத்துக்கொண்டிருந்தார். நாமெல்லாம் காரை நின்றுகொண்டு பார்க்கிறோம். பிழைப்பே முட்டிபோட்டு என்பதால் அவர் பார்வை சக்கரத்துக்கு நேராகவே இருக்கிறது. அந்தக் காரைப் பார்த்த கண்ணுக்கு மற்ற கார்களெல்லாம் அன்றிலிருந்து தரை சரியில்லாத வீடாகிவிட்டன. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குழைவு வரும். அக்காவைப் பற்றிப் பேசும்போதுகூட அந்தக் குழைவு வந்து நான் கேட்டதில்லை என்று சொல்லிக் கிண்டல் செய்வேன். பொய்தான், வந்திருக்கிறது.

தன் காரையும் அப்படித் தாழ இறக்கிவிடுவது என்று அவர் ஒருவழியாக முடிவெடுத்த சமயத்தில்தான் அக்காவின் முதுகு போனது. அக்காவுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. வாடிக்கையாளர் மூக்குக்கும் காதுக்கும் பொருந்துகிற மாதிரி பிரேமைச் சரிசெய்து கொடுப்பாள். கீழே விழுந்த பொடி ஸ்க்ரூ ஒன்றை எடுக்கக் குனிந்தவள், குனிந்தது குனிந்தபடி நின்றுவிட்டாள். முதுகெலும்புக்கு நடுவிலிருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. அதே இடத்தில் மறுபடி பிதுங்கினால் இன்னொரு ஆபரேஷன், அதற்குப்பின் நடைக்கு என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். குலுங்கக் கூடாது, திடீரென்று தூக்கிப்போடக் கூடாது. அத்தான் டாக்டரின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கோணலாகத்தான் இருந்தது, ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அக்கா ஒரு காரியம் செய்தாள். அத்தானின் கையைப் பிடித்து இழுத்து, "நான் எழுந்து நம்ம வாசல் கேட் வரைக்கும் நடந்துட்டேன்னா, நீங்க காரை இறக்கிடணும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். அப்படிக் கிடக்கிறவளிடம் யார் மாட்டேன் என்பார்கள். செய்துகொடுத்தார்.

அக்கா பிடிவாதக்காரி. வலியில் பல்லைக் கடித்து, சுவரைப் பிடித்து, என் தோளைக் கிள்ளிக் கிள்ளி நடந்து, ஒருநாள் கேட்டைத் தொட்டுவிட்டாள். தொட்டுவிட்டுத் திரும்பிக் காரைக் காட்டினாள். எனக்கு அழுகை வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தண்டனை விதித்த மாதிரி இருந்தது.

மறுநாள் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். பழகுபவர்களுக்காக வட்டம் போட்டு வைத்திருக்கும் மைதானத்தின் ஓரத்தில் என்னைத் தனியாக அழைத்தார்.

"இறக்கலைன்னா நீ இன்னும் நோயாளிதான்னு அவகிட்ட நானே சொல்ற மாதிரி. இறக்கினா..." என்று நிறுத்திக்கொண்டார். காரை இறக்கினால் சவாரி கடினமாகும் என்பது எனக்கே தெரியும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் காரை இறக்கிவிட்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறான்.

"நான் என்ன பண்ணட்டும், வாயாடி?" என்று கேட்டார். அவர் என்னிடம் யோசனை கேட்டதே அதுதான் முதல் தடவை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. நல்ல சாமானாகப் பார்த்துப் போடுங்கள் அத்தான் என்றேன், ஏதோ சட்டைத்துணி வாங்குகிறவரிடம் சொல்வதுபோல.

அவருடைய நண்பர் ஒருவர் கார் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்பிரிங் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் மூன்று வழி சொன்னார். இருக்கிற ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவது ஒன்று. அதைக் கேட்டதும் அத்தான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டாவது, குட்டை ஸ்பிரிங் வாங்கிப் பழைய ஷாக் அப்சார்பரோடு மாட்டுவது. பழையதற்கு அந்தப் புது ஸ்பிரிங்கை அடக்கும் தெம்பு இருக்காது, வண்டி துள்ளும். மூன்றாவது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஜோடியாக வாங்கி, ஆசையை அடக்கிக்கொண்டு ஒன்றரை அங்குலம் மட்டும் இறக்குவது. அதுதான் சவாரியைக் கெடுக்காது என்றார். பெரிய ரிம்மும் ஒல்லி டயரும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று பட்டறையில் நின்ற யாரோ ஆசை காட்டினார்கள். டயரின் காற்றுதான் முதல் மெத்தை, அதைக் குறைக்க மாட்டேன் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? காரை இறக்கியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் வாசலில் போய் நின்று, ஒரு சுற்று கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினார். முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குமிழியையே பார்த்துக்கொண்டு போவாராம். அவர்களில் ஒருவன் என்னிடம் கார் பழகியவன். உங்க அத்தானுக்கு மனசு ஏதாவது சரியில்லையா மேடம் என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஆமாம், எங்கள் வீட்டில் யாருக்குமே சரியில்லை என்றேன்.

கடைசியில் மூன்றாவது வழிதான். ஸ்பிரிங் அண்ணனின் பட்டறையில் காரை லிஃப்டில் தூக்கி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி இறக்கினார்கள். கார் வீட்டுக்கு வந்தபோது நானே ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தேன். அதே பழைய கார்தான், ஆனால் முழுத் தூக்கம் தூங்கி எழுந்தவள் போல இருந்தது. அத்தான் முட்டிபோட்டு விரலை நுழைத்தார். நான்கு போன இடத்தில் மூன்று போனது. அவர் சிரித்ததை அத்தனை மாதத்துக்குப்பின் அன்றுதான் பார்த்தேன். அக்கா ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை மூன்று பேரும் ஒரு சுற்றுப் போனோம். தெருமுனை வேகத்தடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கார் ஏறி இறங்கவில்லை, எங்களை இடித்துக் கீழே போட்டது. ரோட்டில் ஒட்டுப்போட்ட சின்னச் சின்ன மேடுகள்கூட இருக்கை வழியாக முதுகுக்கு வந்தன. அத்தான் நடக்கிற வேகத்தில் ஓட்டினார், பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்த முகத்தோடுதான் வந்தாள். ஆனால் வேகத்தடை கண்ணில் படுவதற்கு முன்பே அவள் கை மேலே போய்க் கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று நாங்கள் கேட்காமலே சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் அவள் சமையலறையில் வலி மாத்திரையை வாயில் போட்டதை நான் பார்த்திருந்தேன். ஒன்றுக்கு இரண்டாக. அவரிடம் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். என் வாய்க்கு என்றைக்குப் பூட்டு இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் கை கழுவ எழுந்தார். இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

பழையபடி மாற்றிவிடலாம் என்று அவர் என்னிடம் கிசுகிசுத்தது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. வந்து நின்றாள்.

"கழட்டினீங்கன்னா நான் அந்த வண்டியில ஏறவே மாட்டேன். எனக்காக எல்லாத்தையும் விட்டுக்கிட்டே இருந்தா, நான் எப்பதான் எழுந்திருக்கிறது?" என்றாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதாகக் கடையில் சொல்லியாகிவிட்டது, இதே காரில் நீங்கள்தான் கொண்டுவிட வேண்டும் என்றும் சொன்னாள். கடை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. வழி நெடுக வேகத்தடை, நடுவில் சந்தை ரோடு, அதில் பள்ளத்துக்குக் கணக்கே கிடையாது. எனக்கு அக்கா மேல் கோபம், அத்தான் மேல் கோபம், அந்த மூன்று விரல் இடைவெளி மேல் அதைவிடக் கோபம். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தே அவளை மறுபடி ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்க அத்தான் அரை நாள்தான் வேலைக்குப் போனார். அக்காவின் எடைக்குச் சமமாக டைல்ஸ் பசை மூட்டைகளை முன் இருக்கையில் அடுக்கி, சீட் பெல்ட் போட்டு, மேலே ரசமட்டத்தை வைத்து, கடை வரைக்கும் போய்ப் போய் வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. மூட்டையை எங்கே அழைத்துப் போகிறீர்கள் என்றுகூடக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் குமிழி ஓரத்துக்கு ஓடி அடித்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனிதர் இளைத்தே போனார்.

சனிக்கிழமை காலை நான் வாசலுக்கு வந்தபோது அவர் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் இரும்பு டேப். முகம் ஒருமாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"ஒன்றரை அங்குலம் இறங்கணும். ஒண்ணுதான் இறங்கியிருக்கு. நான் அளக்கவே இல்ல பாரு. விரலை விட்டுப் பாத்துட்டு, சந்தோஷத்துல விட்டுட்டேன்."

குறைவாக இறங்கியது நல்லதுதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஸ்பிரிங் பொய் சொல்லாது, அது இறங்கப் பார்க்கிறது, வேறு எதுவோ காரைக் கீழே விடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். டைல்ஸுக்கு அடியில் ஒரு கல் மாட்டிக்கொண்டால் எவ்வளவு தட்டினாலும் அது உட்காராதாம். மேலே தட்டிப் பயனில்லை, தூக்கிப் பார்க்க வேண்டுமாம்.

நேராகப் பட்டறைக்குப் போனோம். ஸ்பிரிங் அண்ணன் முதலில் சிரித்தார், புதுசு, ஓட ஓடப் படிந்துவிடும் என்றார். அத்தான் அசையவில்லை. கடைசியில் காரை லிஃப்டில் ஏற்றாமல், சக்கரங்கள் தரையில் நிற்கிறபடியே, அடியில் ஆள் இறங்கி வேலை பார்க்கும் குழிக்கு மேல் நிறுத்தினார்கள். ஸ்பிரிங் அண்ணன் குழிக்குள் இறங்கி, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் போல்ட்டைத் தளர்த்தினார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. நான் பயந்துபோய்ப் பின்வாங்கினேன். அடுத்த போல்ட்டையும் தளர்த்தியதும் அந்தப் பக்கம் கார் தானாகவே ஒரு விரற்கடை கீழே இறங்கி உட்கார்ந்தது. யாரும் தொடவில்லை.

குழிக்குள் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தொங்க விட்டு முறுக்கிட்டேன்" என்றார் ஸ்பிரிங் அண்ணன்.

எனக்குப் புரியும்படி அத்தான்தான் பிறகு விளக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் அந்த இரும்புக் கைகளின் மூட்டில் ரப்பர் இருக்கிறது. புஷ் என்பார்கள். லிஃப்டில் இருக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பர் அதைத்தான் தன் இடம் என்று பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கியபின் நாளெல்லாம் முறுக்கிக்கொண்டு, பழைய இடத்துக்குத் திரும்பவே முண்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது விடாது. அடுத்த வண்டி லிஃப்டுக்குக் காத்திருந்த அவசரத்தில், தரையில் வைத்து இறுக்க வேண்டியதை மேலேயே இறுக்கிவிட்டார் அந்த அண்ணன். எத்தனை வருடத் தொழில் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவரே குழிக்குள் இறங்கி விளக்கைப் பிடித்தார். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, காரைக் கையால் அழுத்தி ஆட்டி, அது தன் இடத்தில் உட்கார்ந்தபின் இறுக்கினார்கள்.

அங்கிருந்து மறுபடி கடை வரைக்கும் போனபோது, முன் இருக்கை மூட்டைமேல் ரசமட்டக் குமிழி நடுவிலேயே நின்றது என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. ஆடியது, ஆனால் ஓரத்தில் போய் அடிக்கவில்லை. எனக்கு அது போதும்போல இருந்தது. அத்தானுக்குப் போதவில்லை. மூட்டைக்கு வலிக்காது, வலித்தாலும் சொல்லாது, இவளும் சொல்ல மாட்டாள் என்றார். அக்காவிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள், அதை எப்படி நம்புவது.

திங்கட்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். அக்கா முன்னால் உட்கார்ந்தாள், இருக்கையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். தெருமுனை வந்தது. அவள் கை மேலே போய்ப் பிடியைப் பற்றியது. கார் வேகத்தடையில் ஏறி, மெதுவாக இறங்கியது. அத்தான் ரோட்டைப் பார்க்கிறாரா அக்காவைப் பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கழுத்து வியர்த்திருந்தது. அடுத்த வேகத்தடை, அதற்கடுத்தது. பிடியைப் பற்றிய அவள் விரல்கள் வெளுத்திருந்ததையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சந்தை ரோட்டில் ஏதோ லாரி குறுக்கே வந்ததில் என் கவனம் ஒரு நிமிடம் தப்பியது. திரும்பிப் பார்த்தபோது பிடியில் அக்காவின் கை இல்லை. மடியில் விழுந்து, மல்லாந்து கிடந்தது. தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது.

என் கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. "அத்தான், அக்காவைப் பாருங்க" என்றேன். அவர் ஓரம் கட்டி நிறுத்தினார். எனக்கு மாத்திரைதான் ஞாபகம் வந்தது. இன்றைக்கு எத்தனை போட்டாளோ, இரண்டா, நான்கா, பாவி, பார்க்காமல் விட்டேனே. அத்தான் கையை நீட்டினார், அவளைத் தொடவில்லை. தொடப் பயந்து கை அந்தரத்திலேயே நின்றது.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"கடை வந்துடுச்சா?"

அத்தான் இல்லை என்று தலையாட்டினார்.

"பின்ன ஏன் நிறுத்துனீங்க? நல்லாத் தூங்கிட்டு இருந்தேன்."

ஆபரேஷனுக்குப்பின் உட்கார்ந்தபடி அவள் கண்ணயர்ந்ததே கிடையாது. முதுகு விடாது. நான் முன்னால் எக்கி, எத்தனை மாத்திரை போட்டாய் என்று அதட்டினேன். அவள் கைப்பையைத் துழாவினாள், இன்னொரு பக்கமும் துழாவினாள்.

"போடலடி. கிளம்பற அவசரத்துல மறந்தே போச்சு. அட்டை வீட்டுலயே இருக்கு" என்றாள். சொல்லி முடித்தபின்தான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இடுப்பை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள்.

அத்தான் கதவைத் திறந்து இறங்கினார். டயரைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, காரைச் சுற்றி வந்து அக்காவின் பக்கத்துச் சக்கரத்தருகே அந்தச் சந்தைப் புழுதியில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். மட்கார்டுக்குள் விரலை நுழைத்தார். இரண்டுதான் போயிற்று. எடுக்காமல் அப்படியே இருந்தார். தோள் குலுங்கியது. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் ஜன்னலை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்களைத் திட்டினேன்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரைப் பார்த்தாள். அவர் அழுவது தெரிந்தும் தெரியாத மாதிரி கேட்டாள்:

"என்ன, இன்னும் ஒரு விரல் இறக்கணுமா?"

"வேணாம்மா" என்றார் அத்தான், தலையை நிமிர்த்தாமலே. "இது போதும்."

அன்று அக்கா கடைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள்.